வகுப்பறைச் சுவரில் ஆவர்த்தன அட்டவணை: திருகோணமலைப் பொருள்களைக் கொண்டு ஒரு பலகை

முதல் 20 மூலகங்களையும் ஒரே மூச்சில் ஒப்பிக்கும் பத்தாந்தரப் பிள்ளையிடம் ஒரு நாகத் (துத்தநாகத்) தகட்டையும் ஒரு அலுமினியத் தகட்டையும் கொடுத்து எது நாகம் என்று கேட்டால், பெரும்பாலும் பதில் வராது. இரண்டையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாலே போதும். நாகத்தின் அடர்த்தி 7.1, அலுமினியத்தின் அடர்த்தி 2.7, கனமே காட்டிக் கொடுத்துவிடும். அட்டவணையை அச்சிட்ட படமாகத் தொங்கவிடாமல், உண்மையான பொருள்கள் இருக்கும் பலகையாகச் செய்வதற்குக் காரணம் இதுதான். திருகோணமலையில் இதற்கு வேண்டிய பொருளில் பாதிக்கு மேல் கடற்கரையிலும் வயலிலும் பழைய இரும்புக் கடையிலும் கிடைக்கிறது.

பலகையைத் தொடங்குமுன் ஒரு விதியை எழுதி ஒட்டிவிட வேண்டும். மூலகம் தனியாக இருந்தால் வெள்ளைச் சீட்டு. சேர்வையாகவோ கலவையாகவோ இருந்தால் மஞ்சள் சீட்டு. இந்த விதி இல்லாத பலகை தீங்குதான் செய்யும். உப்புப் போத்தலின் மேல் "சோடியம்" என்று மட்டும் எழுதிவிட்டால், சோடியம் வெள்ளை நிறத் தூள் என்று பிள்ளை நம்பிவிடும். அந்தப் பிழையை உயர்தர வகுப்பில்கூடப் பிடுங்கி எறிவது கடினம்.

பலகை

8 அடிக்கு 4 அடி, 12 மில்லிமீற்றர் பிளைவூட் ஒன்று. ஒரு பெட்டிக்கு 130 மில்லிமீற்றர் அகலம், 120 மில்லிமீற்றர் உயரம். 18 நிரலுக்கு 2340 மில்லிமீற்றர் போக, இரு பக்கமும் ஏறத்தாழ 49 மிஞ்சும். ஏழு ஆவர்த்தனமும் கீழே இலந்தனைட்டு, அத்தினைட்டு நிரைகள் இரண்டுமாக 9 நிரை, இடையில் 40 மில்லிமீற்றர் இடைவெளி: மொத்தம் 1120. மேலும் கீழும் 50 அளவில் ஓரம் கிடைக்கும்.

பெட்டிகளுக்கு நிலைக்குத்துத் தடுப்பு வேண்டாம். பாரம் கூடும், தூசி சேரும், துடைக்கவும் முடியாது. 45 மில்லிமீற்றர் அகலம், 12 மில்லிமீற்றர் தடிப்பான சட்டங்களைத் தட்டுகளாகப் பூட்டி, பெட்டிக் கோடுகளை வர்ணத்தால் கீறினால் போதும். முதல் நிரையில் இரண்டே பெட்டி. இரண்டாவதிலும் மூன்றாவதிலும் எட்டெட்டு. நான்கு தொடக்கம் ஏழு வரை முழு நீளம். கீழிரண்டிலும் பதினைந்து பதினைந்து. கூட்டினால் 15.6 மீற்றர், அதாவது 51 அடி. வெட்டுக்கழிவுக்கும் சேர்த்து 55 அடி வாங்குங்கள். தட்டுகளைப் பலகையின் பின்புறமிருந்து 30 மில்லிமீற்றர் ஸ்குரூவால், 20 சென்ரிமீற்றருக்கு ஒன்றாக முடுக்க வேண்டும்.

ஸ்குரூ துருப்பிடிக்காத உருக்காக இருக்கட்டும். உப்புக் காற்றில் சாதாரண ஸ்குரூவின் தலை சீக்கிரம் கசியத் தொடங்கி, வெள்ளை வர்ணத்தின் மேல் செம்பழுப்புக் கோடாக இறங்கும். எனாமல் வர்ணம் முன்புறம் இரண்டு பூச்சு, பின்புறமும் இரண்டு பூச்சு. பின்புறத்தை விட்டால் பிளைவூட் ஒரு பக்கத்தால் மட்டும் ஈரத்தை இழுத்து வளையும். வெட்டிய ஓரங்கள்தான் அதிகம் ஈரம் குடிக்கும். அங்கே மூன்றாவது பூச்சும் நல்லது.

போத்தல்களோடு சேர்த்து முழுப் பாரம் 35 கிலோகிராம் அளவில் வரும். சுவரில் ரோல் பிளக் அடித்து இரண்டு கிடைச்சட்டங்களைப் பூட்டி, அவற்றின் மேல் பலகையை ஏற்றுங்கள். சுவருக்கும் பலகைக்கும் இடையில் ஓர் அங்குலம் காற்றோட்டம் இருந்தால் மாரிகாலத்தில் சுவரில் ஊறும் ஈரம் பலகைக்கு ஏறாது, கறையான் ஏறினாலும் கண்ணில் படும். கீழ் விளிம்பு தரையிலிருந்து 70 சென்ரிமீற்றரில் இருந்தால் மேல் நிரைக்கும் பிள்ளைகளின் கை எட்டும்.

30 மில்லிலீற்றர் கண்ணாடிப் போத்தல்கள், பிளாத்திக்கு மூடியோடு. உலோக மூடி இங்கே நிற்காது. போத்தல் விழாமலிருக்க ஒவ்வொரு தட்டின் முன்னும் 30 மில்லிமீற்றர் உயரத்தில் தங்கூசி இழுத்து, நான்கு பெட்டிக்கு ஒரு சிறு ஆணியில் முடிச்சுப் போடுங்கள். கண்ணுக்கும் தெரியாது, எடுத்து வைக்கவும் இடைஞ்சலில்லை.

ஒரு டோர்ச் பற்றறியிலிருந்து மூன்று பெட்டி

மாணவர்களே கையால் செய்து முதலில் நிரப்ப வேண்டியது 6 (காபன்), 25 (மங்கனீசு), 30 (நாகம்) ஆகிய மூன்று பெட்டிகளையும்தான்; பெட்டியின் எண் அந்த மூலகத்தின் அணு எண். பெரிய அளவு நாக–காபன் டோர்ச் பற்றறி ஒன்று போதும். உறையில் அல்கலைன் என்று போட்டிருந்தால் தொடவே கூடாது. உள்ளே பொற்றாசியம் ஐதரொட்சைட்டு இருக்கிறது, கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. இலிதியம் பற்றறியையும், மீள மின்னேற்றும் பற்றறியையும் எக்காரணத்துக்காகவும் வெட்டக்கூடாது. முற்றாகச் செத்துக் கசிந்த பற்றறியும் வேண்டாம். அதன் நாகக் கோது உள்ளிருந்து அரிக்கப்பட்டு ஓட்டை விழுந்திருக்கும், தகடு கிடைக்காது. பாதி பாவித்த பற்றறிதான் நல்லது.

கையுறை, கண் கவசம், கீழே பழைய பத்திரிகை. குறட்டால் வெளித் தகட்டின் மடிப்பை நெம்பிக் கழற்றுங்கள். மேல் பிளாத்திக்கு மூடியை எடுத்ததும் நடுவில் காபன் கோல் தலைகாட்டும். நேரே இழுத்தால் முறியும். குறட்டால் பிடித்து இடமும் வலமுமாகத் திருகி மெல்ல உயர்த்த வேண்டும். எட்டு மில்லிமீற்றர் விட்டத்தில் கறுப்புக் கோல் ஒன்று முழுதாக வரும். அதைச் சுற்றியுள்ள கறுப்புக் களி மங்கனீசீரொட்சைட்டும் காபன் தூளும் அமோனியம் குளோரைட்டு அல்லது நாகக் குளோரைட்டும் சேர்ந்தது. அதில் ஒரு கரண்டி போத்தலில் இட்டு 25ஆம் பெட்டியில் மஞ்சள் சீட்டோடு வையுங்கள். மிச்சத்தைப் பத்திரிகையோடு சுற்றிப் பொலித்தீன் பையில் கட்ட வேண்டும், கழிவுநீர்த் தொட்டியில் கழுவி ஊற்றக்கூடாது. இந்தக் கறுப்பு உடுப்பில் பட்டால் சவர்க்காரத்துக்குப் போகாது. வெள்ளைச் சீருடைக்கு மேல் பழைய சட்டை ஒன்று போட்டுக்கொள்வது நல்லது.

கோதைத் தகரக் கத்திரியால் நீளவாக்கில் வெட்டி விரித்து, பழைய பற்தூரிகையால் தேய்த்துக் கழுவி, மண்கடதாசியால் உரசினால் நீலச் சாயல் கொண்ட வெண்சாம்பல் நாகம் தெரியும். வெள்ளைச் சீட்டு. ஒரு சதுர சென்ரிமீற்றர் துண்டைச் சோதனைக் குழாயில் 5 மில்லிலீற்றர் ஐதான ஐதரோகுளோரிக் அமிலத்தில் போடுங்கள். குமிழி மந்தமாகத்தான் வரும், பிள்ளைகள் "ஒன்றும் நடக்கவில்லை, சேர்" என்பார்கள். ஒரு துளி செப்புச் சல்பேற்றுக் கரைசல் விட்டதும் வேகம் பிடிக்கும்; நாகத்தின் மேல் படியும் செப்பு அதனோடு சேர்ந்து சின்ன மின்கலமாக வேலை செய்கிறது. வரும் வாயுவைக் குழாய் வாயில் எரியும் ஈர்க்குச்சியால் சோதித்தால் "பொப்" என்ற சத்தம். 1ஆம் பெட்டிக்குரிய ஐதரசன் அது. அதைப் போத்தலில் அடைத்து வைக்க முயல வேண்டாம். காற்றோடு கலந்தால் வெடிக்கும், மூடியிடுக்கால் கசிந்தும் போகும். முதலாம் பெட்டியில் தண்ணீர், மஞ்சள் சீட்டு.

புல்மோட்டைக் கறுப்பு மணல்

நம் மாவட்டத்துக்கே உரிய பெட்டி 22, தைத்தேனியம். புல்மோட்டைக் கனிய மணலில் ஏறத்தாழ 70 வீதம் இல்மனைற்று. இரும்பும் தைத்தேனியமும் ஒட்சிசனும் சேர்ந்த கறுப்புக் கனியம். மிச்சத்தில் உரூத்தைலும் (தைத்தேனியம் ஒட்சைட்டு) சேர்க்கனும் (சேர்க்கோனியம் கொண்ட கனியம்) அடக்கம். அகழ்வுப் பகுதிக்குள் போய் அள்ளக்கூடாது. பாடசாலைக் கடிதத்தோடு உரிய இடத்தில் கேட்டு ஒரு சிறு போத்தலளவு பெறுவதே முறை.

வந்த மணலை நல்ல தண்ணீரில் மூன்று முறை அலசிக் கடலுப்பை நீக்கி, பத்திரிகையில் பரப்பி வெயிலில் நன்றாகக் காயவிட வேண்டும். ஈர மணலில் காந்தம் வேலை செய்யாது, மணிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். காந்தம் இரண்டு தேவை. ஒன்று பழைய ஒலிபெருக்கியின் கறுப்புக் காந்தம், மற்றது கெட்டுப்போன கணினி ஹாட் டிஸ்க்கிலிருந்து கழற்றிய நியோடிமியக் காந்தம். இரண்டையும் பொலித்தீன் பைக்குள் போட்டே பாவிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒட்டிய மணலைக் கழற்ற வழியில்லை.

முதலில் கறுப்புக் காந்தத்தை மணலுக்கு மேல் ஒரு சென்ரிமீற்றர் உயரத்தில் நகர்த்துங்கள். அதில் ஏறுவது பெரும்பாலும் மக்னற்றைற்று என்ற இரும்பு ஒட்சைட்டுக் கனியம். மற்றது கிடந்தபடி கிடக்கும். பிறகு நியோடிமியக் காந்தம். இப்போது கறுப்பு மணல் மயிர்க்கூச்செறிவதுபோல் குத்திட்டு எழும்பும், அது இல்மனைற்று. பையை வேறொரு தாளுக்கு மேல் கொண்டுபோய்க் காந்தத்தை வெளியே இழுத்தால் மணல் தாளில் விழும். காந்தம் தொடாமல் விட்ட மணிகளைக் கைவில்லையால் பாருங்கள். கண்ணாடித் துண்டுபோல் மின்னும் நிறமற்ற மணிகளில் சேர்க்கனும் இருக்கும், படிகக்கல்லும் இருக்கும். செம்பழுப்பு மணிகள் உரூத்தைலாக இருக்கக்கூடும். சேர்க்கனைப் படிகக்கல்லிலிருந்து கண்ணால் மட்டும் திட்டமாகப் பிரிக்க முடியாது என்பதால் 40ஆம் பெட்டிச் சீட்டில் "சேர்க்கன் கலந்த மணல்" என்றே எழுதுங்கள். நியோடிமியக் காந்தமும் சும்மா போகாது, 60ஆம் பெட்டியில் மஞ்சள் சீட்டோடு உட்காரும்.

இந்த மணலில் மொனசைற்றும் சிறிதளவு உண்டு. அதில் சீரியமும் இலந்தனமும் தோரியமும் இருப்பதால் அது மெல்லிய கதிர்த்தொழிற்பாடு கொண்டது. ஒரு போத்தலில் மூடி வைக்கும் சில கரண்டி மணலால் கேடில்லை. ஆனால் மொனசைற்றை மட்டும் பிரித்துச் சேர்க்க முயலக்கூடாது, மணலை அரைத்துத் தூளாக்கவும் கூடாது. 90ஆம் பெட்டியில் மாதிரிக்குப் பதில் ஒரு குறிப்பு போதும்: தோரியம் செறிந்த தோரியனைற்றுக் கனியம் 1904இல் இலங்கையிலிருந்து கிடைத்த மாதிரியில்தான் முதன்முதலில் இனங்காணப்பட்டது, அந்த மாதிரியை முதலில் விவரித்தவர் ஆனந்த குமாரசுவாமி. கலை வரலாற்றாளராக மட்டுமே அவரை அறிந்த பிள்ளைகளுக்கு அவர் இங்கே கனியவள ஆய்வுக்குத் தலைமை தாங்கிய புவியியலாளர் என்பதும் தெரியட்டும். மீனவர் வீடுகளில் பழைய பெற்றோமக்ஸ் மென்டில் கிடைத்தால் கொண்டுவர வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். பழையவற்றில் தோரியம் ஒட்சைட்டு இருந்தது. உதிரும் தூள் மூச்சோடு போகும்.

மற்றப் பெட்டிகள்

11க்கும் 17க்கும் நிலாவெளி உப்பளத்து உப்பு, இரண்டும் மஞ்சள். குளோரீனுக்கு வெளிற்றும் தூள் வைக்கும் எண்ணம் பலருக்கு வரும், வேண்டவே வேண்டாம். மூடி எவ்வளவு இறுக்கமென்றாலும் குளோரீன் கசிந்து, அருகிலுள்ள செப்பையும் இரும்பையும் தின்றுவிடும். 19க்கு தம்பலகாமத்து வயல்காரர் பாவிக்கும் எம்ஓபி (பொற்றாசியம் குளோரைட்டு) உரம். கல்சியத்துக்குரிய 20க்குக் கரையொதுங்கிய சிப்பி. முருகைக்கல்லை எடுப்பது சட்டவிரோதம், அதைத் தொடக்கூடாது. 15க்குத் தீப்பெட்டியின் உரசுபக்கம், அதில் சிவப்புப் பொசுபரசு இருக்கிறது. 16க்கு ஆய்கூடத்திலுள்ள கந்தகம் ஒரு கரண்டி. வெள்ளியையும் செப்பையும் கறுக்கச் செய்யும் என்பதால் மூடியைச் சுற்றி நாடா ஒட்டுங்கள். 10க்கு மின்சோதிப்பான் ஸ்குரூ டிரைவரிலுள்ள சிறு நியோன் விளக்கு. 29க்கு மின்கம்பிச் செப்பு. காலியத்துக்குரிய 31க்கு எல்இடி. 74க்குத் தங்குதன் இழை மின்குமிழ், உடைக்காமல். 82க்கு வலையில் கட்டும் ஈயக்குண்டு. போத்தலை விட்டு வெளியே எடுக்காமல் பார்க்க வேண்டும். 80 வெறுமையாகவே இருக்கட்டும். உடைந்த வெப்பமானியிலிருந்தோ குழாய் மின்விளக்கிலிருந்தோ இரசம் சேர்க்க யாரையும் விடக்கூடாது.

மஞ்சள் சீட்டை மெய்ப்பிக்கும் சுவாலை

"உப்புக்குள் சோடியம் இருக்கிறதென்று எப்படித் தெரியும்?" என்று ஒரு பிள்ளையாவது கேட்கும், கேட்காவிட்டால் நாம் கேட்க வேண்டும். பழைய இஸ்திரிக்கைப் பெட்டியின் வெப்பச் சுருளிலிருந்து 10 சென்ரிமீற்றர் நைக்குரோம் கம்பி வெட்டி, நுனியை 3 மில்லிமீற்றர் வளையமாக்கி, மறுமுனையை ஒரு மரக்குச்சியில் சுற்றுங்கள். ஐதான ஐதரோகுளோரிக் அமிலத்தில் தோய்த்து வாயு அடுப்பின் நீலச் சுவாலையில் பிடிப்பது, மறுபடி தோய்ப்பது, மறுபடி பிடிப்பது, நிறம் வராதவரை. ஸ்பிரிட் விளக்கின் திரி கருகினால் அதுவே மஞ்சளாக எரியும் என்பதால் வாயு அடுப்பே மேல்.

உப்புக்கு அடர்மஞ்சள், செப்புச் சல்பேற்றுக்குப் பச்சை: இவை இரண்டும் பிழைக்காது. சிப்பித் தூளை அப்படியே பிடித்தால் நிறம் தெளியாது. கல்சியம் காபனேற்று எளிதில் ஆவியாகாது. அமிலத்தில் நனைத்தால் குளோரைட்டாகி ஆவியாகும், செங்கல் சிவப்புத் தெரியும். பொற்றாசியம்தான் திருகோணமலையில் தலைவலி. அதன் ஊதா மங்கலானது, சோடியம் ஒரு துளி இருந்தாலும் மஞ்சள் அதை மூடிவிடும். கடற்காற்றிலும் உப்பு, வியர்த்த விரலிலும் உப்பு. கம்பியின் நுனியை விரலால் தொடக்கூடாது, கடல் பக்க யன்னலைச் சாத்த வேண்டும், கரைசலுக்குக் காய்ச்சி வடித்த நீரே பாவிக்க வேண்டும், சுவாலையைக் கோபாற்று நீலக் கண்ணாடியினூடாகப் பார்க்க வேண்டும். நீலக் கண்ணாடி மஞ்சளை விழுங்கி ஊதாவை விடும்.

பெட்டிக்கு ஏன் அந்த இடம்?

மாதிரி சேர்ந்தபின் இதைச் செய்யாவிட்டால் பலகை வெறும் காட்சிப் பெட்டகமாக நின்றுவிடும். ஐந்து பேர் கொண்ட குழுவுக்கு முதலில் 17 சீட்டு: முதல் 20இல் ஈலியம், நியோன், ஆகன் நீங்கலாக. சீட்டில் பெயர், சார் அணுத்திணிவு, அறை வெப்பநிலையில் நிலை, வலுவளவு (ஓர் அணு எத்தனை பிணைப்பு உண்டாக்கும் என்ற எண்). அணு எண்ணை எழுதக் கூடாது. எழுதினால் வரிசை எண்ணைப் பார்த்து அடுக்கிவிட்டு வேலை முடிந்தது என்பார்கள். சிலிக்கன் சீட்டை ஆசிரியர் முன்பே உருவி உறையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

திணிவுப்படி ஒரே நீள வரிசையாக அடுக்கிவிட்டு எல்லாக் குழுவும் நின்றுவிடும். அப்போது இலிதியம் தொடக்கம் வலுவளவை மட்டும் உரக்க வாசிக்கச் சொல்லுங்கள்: 1, 2, 3, 4, 3, 2, 1, மீண்டும் 1, 2, 3... அடுத்த எண் 4 ஆக வரவேண்டிய இடத்தில் 3 வரும். அந்த இடத்தில் யாரோ ஒருவர் "ஒன்று குறையுது" என்பார். குறைந்ததன் திணிவை இரு பக்கத்து அலுமினியம் 26.98, பொசுபரசு 30.97 ஆகியவற்றின் சராசரியாகக் கணித்தால் 28.98; உறையைத் திறந்தால் 28.09. குளோரைட்டின் சூத்திரத்தையும் முன்கூட்டியே எழுதச் சொல்லுங்கள், நான்கு குளோரீன் என்று சரியாக எழுதுவார்கள்.

மென்டலீவ் 1869இல் அட்டவணையை வெளியிட்டு, 1871இல் வெற்றிடங்களுக்கு எதிர்வு கூறியதை இந்த நிமிடத்தில் சொல்ல வேண்டும், முன்னுரையாக அல்ல. சிலிக்கனுக்குக் கீழே இருக்க வேண்டியதன் திணிவு 72, அடர்த்தி 5.5 என்றார். 1886இல் விங்க்லர் கண்டுபிடித்த ஜேர்மானியத்துக்கு 72.6, 5.35. பழைய வானொலி திருத்தும் கடையில் கண்ணாடி உறையிட்ட ஜேர்மானிய டயோட்டு கிடைத்தால் 32ஆம் பெட்டியில் வையுங்கள்.

இரண்டாம் சுற்றில் மூன்று விழுமிய வாயுக்களையும் கொடுங்கள். முதலிலேயே கொடுத்தால் வலுவளவு இல்லாத இவை அந்த எண்களின் ஒழுங்கைக் குலைத்துவிடும். வரலாற்றிலும் ஆகன் 1894இல்தான் வந்து சேர்ந்தது. புதிய நிரல் ஒன்று தானாகப் பிறக்கும், ஓரிடம் மட்டும் முரண்டு பிடிக்கும்: ஆகன் 39.95, பொற்றாசியம் 39.10. திணிவுப்படி வைத்தால் ஆகன் சோடியத்துக்குக் கீழே வந்துவிடும். சீட்டில் இரண்டு தசமதானம் கட்டாயம் வேண்டும்; முழு எண்ணாக்கினால் ஆகனும் கல்சியமும் 40 ஆகிவிடும், இந்த முரண் மங்கிவிடும். பிள்ளைகள் இடம் மாற்றுவதா விடுவதா என்று வாதிடட்டும், அவசரப்பட்டுத் தீர்த்துவைக்க வேண்டாம். அதன்பின் 1913இல் மோஸ்லி எக்ஸ் கதிரால் அணு எண்ணை அளந்து ஒழுங்கை நிலைநாட்டியதைச் சொன்னால், அந்த எண் எதற்கென்று இனி விளக்கத் தேவையிராது. இதற்கு இரட்டைப் பாடவேளை, 80 நிமிடம் வேண்டும். ஐதரசனை இலிதியத்துக்கு மேலே வைப்பதா, புளோரீனுக்கு மேலே வைப்பதா என்ற சண்டை தீராது. இரண்டு இடத்துக்கும் காரணம் உண்டு, விட்டுவிடுங்கள்.

பராமரிப்பு

இங்க்ஜெட்டில் அச்சிட்ட சீட்டு வாடைக் காற்று தொடங்கியதும் ஊறிப் பரவும். லேசர் அச்சு நிற்கும். லமினேற் செய்வதானால் தாளின் நான்கு பக்கமும் 3 மில்லிமீற்றர் பிளாத்திக்கு விளிம்பு விட்டு வெட்டுங்கள். தாள் ஓரம் வெளியே தெரிந்தால் ஈரம் அதன் வழியே ஏறும். இரும்பு, மகனீசியம், செப்புப் போத்தல்களில் நிறமற்ற சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று. ஒக்ரோபரில், மாரி தொடங்குமுன், பொட்டலத்திலுள்ள மணிகளைத் தட்டில் கொட்டி 120 பாகை அவணில் இரண்டு மணித்தியாலம் உலர்த்தி மீண்டும் இடுங்கள். வெயிலில் காயவைத்தால் போதாது. உலோகத்துக்கு நகப்பூச்சுப் பூசும் வழக்கம் உண்டு, ஆனால் அது உலோகத்தின் உண்மையான பளபளப்பை மறைத்துவிடும். செப்பிலும் இரும்பிலும் ஒவ்வொரு துண்டை மூடிய போத்தலிலும் ஒவ்வொரு துண்டை வெளியே தட்டிலுமாக வைத்தால் கடற்காற்று செய்வதைப் பிள்ளைகளே ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

118இல் முதல் வருடம் 40 நிறைந்தால் நல்ல அறுவடை. மிச்சமுள்ள வெறும் பெட்டிகளை ஆளுக்கு ஒன்றிரண்டாகப் பங்கிட்டு, ஏன் வெறுமை என்பதைச் சிவப்பு விளிம்புச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள்: நஞ்சு, கதிர்த்தொழிற்பாடு, காற்றோடு தாக்கம், விலை, நொடிக்குள் சிதைவு. 43ஆம் பெட்டியைக் கெட்டிக்காரப் பிள்ளைக்குக் கொடுங்கள். முன்னும் பின்னும் உறுதியான உலோகங்கள் இருக்க, நடுவிலுள்ள தெக்னீசியத்துக்கு உறுதியான சமதானி (திணிவில் மட்டும் வேறுபடும் அணு வகை) ஒன்றுகூட இல்லை. 1937இல்தான் அது இனங்காணப்பட்டது, அதுவும் ஆய்கூடத்தில் உண்டாக்கப்பட்ட மூலகமாக.